வாசகர் கேள்வி பதில்: பொம்மை எடுக்கும் மிஷின் விளையாட்டா, சூதாட்டமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைப் பற்றியவை. மால்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைகளைக் குவித்து மேலே ஒரு கொக்கியைத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த கிளா மிஷின். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பிறந்தநாளுக்கு அவன் தாத்தா கொடுத்த 1,500 ரூபாயோடு மாலுக்குப் போனோம். விளையாட்டு மையத்தில் கார்டில் போட்ட பணம் முழுவதையும் அந்தப் பொம்மை எடுக்கும் மிஷினிலேயே விட்டுவிட்டான். ஒரு பொம்மைகூடக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மாமியார், "இது சூதாட்டம்தான், பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போகாதே" என்றார். என் கணவர், "ராட்டினம் ஏறினாலும்தான் காசு போகும், இதில் என்ன சூது" என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு தாய், கோவை

பதில்: உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி, சகோதரி. சட்டத்துக்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் அது தெரியாமலேயே நிறைய பெற்றோர் பிள்ளையின் கையில் கார்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

உங்கள் கணவர் சொன்ன ராட்டினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய் கொடுத்தால் இத்தனை சுற்று என்று பேச்சு, அந்தச் சுற்று கிடைத்துவிடும், காசு கொடுத்த எல்லோருக்கும் ஒரே அளவு. கிளா மிஷினில் பணம் கொடுத்து வாங்குவது ஒரு வாய்ப்பை மட்டும்தான். பொம்மை வரலாம், வராமல் போகலாம், பெரும்பாலும் வராது. காசு கட்டுவது, ஒரு பரிசுக்கு ஆசைப்படுவது, அது வருமா வராதா என்பது நம் கையில் இல்லாமல் இருப்பது, இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் அதற்கு நம் ஊரில் ஒரே பெயர்தான்.

நம் கையில் இல்லையா, பையன்தானே குச்சியை ஆட்டிப் பொத்தானை அழுத்துகிறான் என்று உங்கள் கணவர் கேட்பார். கொக்கியை எந்த இடத்தில் இறக்குவது என்பது அவன் கையில்தான் இருக்கிறது. எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பது அவன் கையில் இல்லை. கொக்கியின் விரல்களை மூடவைப்பது உள்ளே இருக்கும் ஒரு மின்காந்தச் சுருள். அதற்குப் போகும் மின்னழுத்தம் கூடினால் பிடி இறுகும், குறைந்தால் தளரும். இப்போது வரும் மிஷின்கள் பலவற்றில் இதற்கென்று உள்ளே ஒரு மெனு இருக்கிறது. ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு காசு, எத்தனை விநாடி, பொம்மையைத் தொடும்போது எவ்வளவு பிடி, மேலே தூக்கும்போது எவ்வளவு பிடி, எத்தனை ஆட்டத்துக்கு ஒரு முறை முழு பலத்தோடு பிடிக்க வேண்டும், இப்படி எல்லாவற்றையும் மிஷின் வைத்திருப்பவர் செட் செய்துகொள்ளலாம். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, மிஷினோடு வரும் கையேட்டிலேயே எழுதியிருக்கும். விளையாட வரும் பிள்ளைக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பொம்மையின் அடக்கவிலை 150 ரூபாய், ஒரு ஆட்டம் 50 ரூபாய், 15 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் பிடி இறுக வேண்டும் என்று ஒருவர் செட் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 750 ரூபாய் வசூலானால் ஒரு பொம்மை வெளியே போகும். அப்படியானால் 30 ஆட்டம் ஆடிய என் மகனுக்கு இரண்டு பொம்மை வந்திருக்க வேண்டுமே என்று கேட்காதீர்கள். அந்த எண் 15 ஆகவும் இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம், வெளியே எங்கேயும் எழுதி வைப்பதில்லை. இறுகும் முறை எப்போது வரும் என்று யாரும் ஊகிக்க முடியாதபடி முன்னும் பின்னும் கலைத்துப் போடும் மிஷின்களும் உண்டு. உங்களுக்கு முன்னால் ஆடிவிட்டுப் போன பிள்ளைக்கு அது வந்து முடிந்திருக்கவும் கூடும்.

எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது வேறு ஒன்று. பொம்மை மேலே வரும், நகரும், வெளியே விழும் வாசலுக்கு ஒரு சாண் தூரம் இருக்கும்போது நழுவிவிடும். கூட நிற்கிறவர்கள் எல்லோரும் "ஐயோ!" என்பார்கள். அடுத்த முறை கண்டிப்பாக வந்துவிடும் என்று பிள்ளைக்குத் தோன்றும். பிடிக்கும்போது இறுக்கமாகவும் மேலே போனபின் தளர்வாகவும் வைக்க முடியும் என்று சொன்னேன் அல்லவா, அந்த "கொஞ்சத்தில் போச்சே" அங்கிருந்துதான் வருகிறது. 2009இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சூதாட்ட மிஷின் போன்ற ஒரு விளையாட்டை ஆடவிட்டு, ஆடுகிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நூலிழையில் தவறிய ஆட்டங்கள், ஜெயித்தால் மூளையில் எந்த இடங்கள் வேலை செய்யுமோ அதே இடங்களைத் தூண்டின. தோற்றது பிடிக்கவில்லை, ஆனால் இன்னொரு முறை ஆட வேண்டும் என்ற ஆசை கூடியது. அதிலும் முக்கியமான விஷயம், அந்த ஆசை கூடியது ஆட்டத்தின் சின்னத்தை அவர்களே தேர்ந்தெடுத்தபோதுதான், கணினி தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோது அல்ல. உங்கள் மகன் கையில் இருந்த அந்தக் குச்சியை நினைத்துப் பாருங்கள். நான்தானே ஆட்டினேன், நான்தானே கொஞ்சம் தள்ளி இறக்கிவிட்டேன், அடுத்த முறை சரியாகச் செய்கிறேன் என்று எட்டு வயதுப் பிள்ளை நினைப்பதில் என்ன ஆச்சரியம்? பெரியவர்களுக்கே அப்படித்தான் இருந்திருக்கிறது.

அப்புறம் அந்த கார்டு. 50 ரூபாய் நோட்டை முப்பது தடவை பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் ஏழாவது எட்டாவது நோட்டிலேயே உங்கள் கை தயங்கியிருக்கும். கார்டைத் தேய்க்கும்போது அந்தத் தயக்கம் வருவதற்கு இடமே இல்லை.

இப்போது மகன் விஷயம். "1,500 ரூபாயைத் தொலைத்துவிட்டாயே" என்று யாரும் அவனிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். "உனக்கு எடுக்கத் தெரியவில்லை" என்று மட்டும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள், அது அவனை மறுபடி அங்கேயே இழுத்துக்கொண்டு போகும். கொக்கி தளர்வாக இருந்தது, அதைத் தளர்வாக வைத்தவர் ஒரு பெரியவர், உன் தப்பு இதில் ஒன்றும் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். அடுத்த முறை போனால், வீட்டிலிருந்து கிளம்பும்போதே இரண்டு ஆட்டம் என்று பேசிவிடுங்கள், அதுவும் கொடுத்தால் திரும்பி வராத காசு என்று அவனுக்கும் தெரிந்திருக்கட்டும். "கடைசியாக ஒரே ஒரு தடவை" என்பதற்கு நீங்கள் இடம் கொடுக்கவே கூடாது. பிள்ளை அழுகிறானே என்று அப்பாக்கள் தாங்களே குச்சியைப் பிடித்து இன்னும் 500 ரூபாய் விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்பா ஜெயித்துவிட்டால் அது இன்னும் மோசம், விடாமல் போட்டால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிடும்.

கேள்வி: யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு இதுவரை 11 பொம்மை எடுத்திருக்கிறேன். ஓரத்தில், வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் குறி வைப்பேன். கொக்கி இறுக்கமாகப் பிடிக்கிற மிஷினா என்று மற்றவர்கள் ஆடும்போது கவனித்துவிட்டுத்தான் கார்டைத் தேய்ப்பேன். திறமை இருந்தால் ஜெயிக்கலாம். பிறகு எப்படி இது சூதாட்டம் ஆகும்?
- பத்தாம் வகுப்பு மாணவர், மதுரை

பதில்: தம்பி, நல்ல கேள்வி, நீ சொல்வதில் உண்மையும் இருக்கிறது. கவனித்து ஆடுகிறவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவருக்கும் வித்தியாசம் கண்டிப்பாக உண்டு. ஜப்பானில் சேகா நிறுவனம் 1985இல் கொண்டுவந்த யூஎஃப்ஓ கேட்சர் வகை மிஷின்களில் இரண்டு கைதான் இருக்கும். பொம்மையை ஒரே மூச்சில் தூக்குவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, புரட்டி, விளிம்புக்குக் கொண்டுவந்து விழவைப்பதுதான் அங்கே ஆட்டம். அதில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே ஜப்பானியர்கள் மூன்று விரல் கொக்கி மிஷினுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், "கக்குரிட்சுகி", அதாவது நிகழ்தகவு மிஷின். பத்தாம் வகுப்புக் கணக்கில் நிகழ்தகவு படித்திருப்பாய், அந்தப் பெயரே உனக்குப் பாதி பதில். நம் மால்களில் அதிகமாகப் பார்ப்பது இந்த மூன்று விரல் வகைதான்.

திறமை கொஞ்சம் இருந்தால் அது சூதாட்டம் இல்லை என்று ஆகிவிடாது, எது அதிகம் என்று பார்க்க வேண்டும். நம் நீதிமன்றங்களும் இப்படித்தான் பார்த்திருக்கின்றன. தமிழ்நாட்டில் இன்றைக்கும் இருக்கும் 1930ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம், வெறும் திறமை விளையாட்டுகளுக்கு விலக்கு கொடுக்கிறது. வெறும் திறமை என்றால் அதிர்ஷ்டம் துளிகூட இருக்கக் கூடாதா என்ற கேள்வி வந்தபோது, திறமை மேலோங்கியிருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் பொருள் கொண்டது. அதை வைத்துத்தான் 1968இல் ரம்மி திறமை ஆட்டம் என்றும், மூன்று சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்றும் சொன்னது. உன் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது 1995இல் வந்த எம்.ஜே. சிவானி வழக்கு. கர்நாடகாவில் வீடியோ கேம் பார்லர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்றதை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. அரசு கட்டுப்படுத்துவது சரிதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மிஷினின் உள்ளே கைவைத்து ஆடுகிறவரின் வாய்ப்பைக் குறைக்க முடியும் என்றால், வெளியே பார்க்கத் திறமை ஆட்டம் போல இருப்பது மட்டும் போதாது என்ற கவலை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பிடியின் பலத்தை இன்னொருவர் செட் செய்யும் கொக்கிக்கு இது அப்படியே பொருந்துகிறது என்பது என் கருத்து. கிளா மிஷின் என்று பெயர் சொல்லி 1930ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதுவும் இல்லை, அதனால்தான் இதைக் கருத்து என்கிறேன்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். 11 பொம்மை எடுத்தாய், எத்தனை ஆட்டத்தில்? அந்த எண்ணை நீ எழுதவில்லை. மறைத்தாய் என்று சொல்லவில்லை, ஜெயித்தது ஞாபகம் இருக்கும், தோற்றது மறந்துவிடும், எல்லோருக்கும் அப்படித்தான். இன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்தையும் குறித்து வை. யூடியூபில் எடுத்துக் காட்டுகிறவரும் தான் தோற்ற ஆட்டங்களை எடிட் செய்து எடுத்துவிட்டுத்தான் போடுகிறார் என்பதையும் நினைவில் வை. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டில் இருக்கும் எண்களோடு எனக்கு எழுது, இந்தப் பக்கத்தில் அதைப் போடுகிறேன்.

கேள்வி: நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். கோடையில் சவுத்எண்ட் கடற்கரைக்குப் போனால் அங்கே உள்ள ஆர்கேடுகளில் பிள்ளைகள் கிளா மிஷினை விட்டு நகர மாட்டார்கள். சட்டம் கடுமையாக இருக்கும் இந்த நாட்டிலேயே பிள்ளைகளை ஆட விடுகிறார்கள் என்றால் அது சூதாட்டம் இல்லை என்றுதானே அர்த்தம்?
- இரண்டு பிள்ளைகளின் தகப்பன், லண்டன்

பதில்: இல்லை, உங்கள் நாட்டில்தான் அதைச் சூதாட்டம் என்று சட்டமே சொல்கிறது! பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தின் கீழ் மிஷின்களை ஏ, பி, சி, டி என்று வகை பிரித்திருக்கிறார்கள். கிளா மிஷின் கடைசியாக உள்ள டி வகை. ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 1 பவுண்டு, பரிசு பணமாக இருக்கக் கூடாது, அதன் மதிப்பு 50 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு. மேலே உள்ள வகைகளைத் தொட 18 வயது ஆக வேண்டும். டி வகைக்கு வயது வரம்பே இல்லை, மூன்று வயதுக் குழந்தையும் ஆடலாம். அதே நாட்டில் லாட்டரிச் சீட்டு வாங்கும் வயதை 2021இல் 16இலிருந்து 18 ஆக உயர்த்தினார்கள். ஆகவே "இது சூதாட்டமா" என்பதும் "பிள்ளைகளை விடலாமா" என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். உங்கள் அரசு முதல் கேள்விக்கு ஆம் என்றும், தொகை சின்னது என்பதால் இரண்டாவதற்கும் ஆம் என்றும் பதில் சொல்லி வைத்திருக்கிறது. முதல் பதில் எனக்கு உடன்பாடு, இரண்டாவது இல்லை.

இந்தச் சந்தேகம் புதிதும் அல்ல. 1920களில் அமெரிக்கச் சந்தைத் திடல்களில் "டிக்கர்" என்று ஒரு மிஷின் பரவியது. பனாமா கால்வாயைத் தோண்டிய நீராவி மண்வாரிகளைப் பார்த்து ஜனங்கள் அதிசயப்பட்ட காலம், அதைச் சின்னதாகச் செய்து கண்ணாடிக்குள் வைத்து, மண்ணுக்குப் பதில் மிட்டாயையும் காசையும் அள்ள விட்டார்கள். இன்றைய கிளா மிஷினுக்குப் பாட்டன் அதுதான். 1951இல் அமெரிக்க நாடாளுமன்றம் சூதாட்டக் கருவிகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைத் தடுத்துச் சட்டம் போட்டபோது இந்த டிக்கர்களும் அதில் மாட்டிக்கொண்டன.

இப்போது ஒவ்வொரு ஊரும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. சிங்கப்பூர் 2022இல் சூதாட்டச் சட்டத்தைப் புதுப்பித்தபோது இந்த மாதிரி மிஷின்களின் பரிசுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று மேல்வரம்பு வைத்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பரிசின் மொத்த வியாபார விலை ஆட்டக் கட்டணத்தைப் போல 10 மடங்கு அல்லது 5 டாலர், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. இவை எல்லாமே பரிசு எவ்வளவு பெரியது என்றுதான் பார்க்கின்றன. பரிசு சின்னதாக இருந்தால் பெரியவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து ஆட மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த ஐந்து டாலர் கரடிதான் உலகத்திலேயே பெரிய பரிசு. பெரியவரை அளக்கும் கோலை வைத்துப் பிள்ளையை அளந்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் இதே இடைவெளிதான். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இல் நிறுத்தினார்கள். ஆன்லைன் சூதாட்டத்துக்கு மாநிலச் சட்டம் வந்தது, 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து நாடாளுமன்றமும் சட்டம் நிறைவேற்றியது. போனில் இருப்பதைப் பற்றி இவ்வளவு பேசினோம். மாலில் மூன்றாவது மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பற்றிப் பேசவே இல்லை.

கேள்வி: சேலத்தில் சின்ன விளையாட்டு மையம் வைத்திருக்கிறேன். அதில் நான்கு கிளா மிஷின்கள். கடை வாடகை, கரண்ட் பில், இரண்டு பேருக்குச் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பொம்மை கொடுத்தால் ஒரே வாரத்தில் கடையை மூட வேண்டியதுதான். பிள்ளைகளின் சந்தோஷத்துக்காக நடத்துகிற என்னைச் சூதாட்டக்காரன் என்று சொன்னால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.
- ஒரு வாசகர், சேலம்

பதில்: உங்கள் கஷ்டம் புரிகிறது, நண்பரே. வந்த கடிதங்களில் நான் இரண்டு தடவை படித்தது உங்களுடையதைத்தான். பொம்மைக்கு விலை உண்டு, வாடகை உண்டு, அதனால் எல்லா ஆட்டத்திலும் பொம்மை வராது என்பதை யாரும் மறுக்கவில்லை. அதைப் பிள்ளைக்குத் தெரியாமல் வைத்திருப்பதுதான் தவறு. கண்ணாடியில் "சராசரியாக 15 ஆட்டத்துக்கு ஒரு பொம்மை" என்று பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். வசூல் குறையும், அது எனக்குத் தெரியும். இதைப் படித்தபிறகு யார் ஆடாமல் போகிறார்களோ, அவர்கள் இதுவரை தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தவர்கள் என்றுதானே ஆகிறது?

இதைவிட நல்ல வழி ஒன்று தைவானில் இருக்கிறது. அங்கே தெருவுக்குத் தெரு கிளா மிஷின் கடைகள். அதைச் சூதாட்ட மிஷின் என்ற கணக்கில் சேர்க்காமல், பொருள் விற்கும் மிஷின் என்று ஏற்றுக்கொள்ள அரசு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. முக்கியமானது உத்தரவாத விலை. ஒருவர் தொடர்ந்து ஆடி அந்தத் தொகை வரை போட்டுவிட்டார் என்றால், அதற்குப் பிறகு பொருள் கையில் வரும்வரை மிஷின் விடாமல் முழு பலத்தோடு பிடிக்க வேண்டும். அந்த விலை 790 தைவான் டாலரைத் தாண்டக் கூடாது, உள்ளே இருக்கும் பொருளின் மதிப்பும் அந்த விலையில் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கோவைத் தாயின் மகனை அந்த மிஷின் முன்னால் நிறுத்திப் பாருங்கள், தோற்றுக்கொண்டே போனாலும் ஒரு இடத்தில் அவன் பொம்மையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். சீக்கிரம் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் கடை விலையைவிடக் கொஞ்சம் அதிகம் கொடுத்துப் பொம்மை வாங்கியதாகப் போகும். இந்த வசதி மெனுவிலேயே உள்ள மிஷின்களும் விற்பனையில் இருக்கின்றன. உங்கள் மிஷினில் இல்லை என்றால் கவுண்டரில் ஒரு சின்ன அட்டை வையுங்கள், இத்தனை ஆட்டம் ஆடியும் வராத பிள்ளைக்கு நீங்களே பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுங்கள். ஜப்பானிலும் ரொம்ப நேரம் திணறுகிறவர்களுக்குக் கடைப் பணியாளர் வந்து பொம்மையை வசதியான இடத்துக்கு நகர்த்தி வைப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

இன்னொன்று. மிஷினுக்குள் செல்போன் பெட்டியையோ 500 ரூபாய் நோட்டைச் சுற்றிய பொம்மையையோ வைக்காதீர்கள். வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை, சில இடங்களில் பார்த்திருப்பதால் சொல்கிறேன். அது வந்துவிட்டால் பொம்மைக்காக வந்த பிள்ளை பணத்துக்காக ஆட ஆரம்பித்துவிடும். பெரியவர் கூட இல்லாமல் ஒரு பிள்ளை பத்து ஆட்டத்துக்கு மேல் போனால் உங்கள் பணியாளர் போய் "போதும் கண்ணு, அம்மாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்லட்டும். இதையெல்லாம் நீங்கள் செய்தால் உங்கள் கடையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் உங்கள் பக்கம் நின்று எழுதுவேன்.

கேள்வி: என் பேத்திக்கு ஏழு வயது. கொக்கி தளர்வு, மின்னழுத்தம் என்றெல்லாம் சொன்னால் அவளுக்குப் புரியவில்லை. "தாத்தா, எனக்கு எடுக்க வரும், விடுங்க" என்கிறாள். இவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
- ஒரு தாத்தா, தஞ்சாவூர்

பதில்: ஐயா, வீட்டிலேயே ஒரு மிஷின் செய்யுங்கள். அண்டாவிலோ பெரிய அட்டைப் பெட்டியிலோ அவளுடைய பொம்மைகளைப் போடுங்கள். சமையலறை இடுக்கிதான் கொக்கி, அது உங்கள் கையில். அவள் "இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம், இப்ப இறக்குங்க" என்று சொல்லட்டும், சொன்ன இடத்தில் இறக்குங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தெரியாமல் பாட்டி உள்ளே தாயக்கட்டையை உருட்டட்டும். தாயம் விழுந்தால் மட்டும் உங்களுக்கு ஜாடை காட்ட வேண்டும், அப்போது மட்டும் இறுக்கிப் பிடியுங்கள், மற்ற நேரம் தூக்கிவிட்டுப் பாதி வழியில் விட்டுவிடுங்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு புளியங்கொட்டை என்று வாங்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பாட்டியைக் கூப்பிட்டுத் தாயக்கட்டையைக் காட்டுங்கள். அப்புறம் இடுக்கியை அவள் கையில் கொடுத்து, நீங்கள் ஆடுங்கள். யாரை எப்போது ஜெயிக்க விடுவது என்று முடிவு செய்யும் இடத்தில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் போதும்.

இதை நான் என் அப்பாவிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் ஒரு அட்டை தொங்கும். அதில் சின்னச் சின்னதாக மடித்து ஒட்டிய சீட்டுகள், பத்துப் பைசா கொடுத்தால் ஒன்றைக் கிழிக்கலாம், உள்ளே இருக்கும் எண்ணுக்கு என்ன பரிசோ அது கிடைக்கும். பலூன், விசில், ஆரஞ்சு மிட்டாய் எல்லாம் வரும். அட்டையின் நடுவில் பெரிய பரிசாக ஒரு சிவப்புப் பட்டை போட்ட கைக்கடிகாரம் இருந்தது, எண் 7. புளி வாங்கி வரச் சொல்லி அம்மா கொடுத்த காசு முழுவதற்கும் சீட்டுக் கிழித்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். அம்மா திட்டினார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கடைக்குப் போய், அட்டையில் மிச்சம் இருந்த சீட்டுகள் எல்லாவற்றுக்கும் காசு கொடுத்து வாங்கிவந்து திண்ணையில் போட்டார். "நீயே கிழி" என்றார். ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டே வந்தேன். கடைசிச் சீட்டையும் கிழித்துவிட்டோம். ஏழு அதில் இல்லவே இல்லை.